குற்றவாளி இல்லாத வழக்கு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் இரண்டு ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதைக் கண்டார்கள். உடனிருந்த தோழர் அபூதர் (ரலி) அவர்களை நோக்கி, அவை எதற்காக முட்டிக்கொள்கின்றன என்று தெரியுமா என வினவினார்கள். தெரியாது என்றார் அபூதர். ஆனால் அல்லாஹ் அதனை அறிவான், அவ்விரண்டுக்குமிடையே அவன் தீர்ப்பும் வழங்குவான் என்னும் கருத்தில் நபியவர்கள் விடை பகர்ந்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இடம் பெற்றுள்ள செய்தி இது.

ஆடு முட்டுவதைப் பார்த்தால் நாம் சிரிப்போம். அல்லது ஒரு கல்லெடுத்து எறிவோம். எதற்காக என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியையே முதற்கண் கேட்டார்கள் என்பதும், தெரியாது என்ற விடையைக் குறையாகக் கொள்ளவில்லை என்பதும் என் நெஞ்சை விட்டு அகலாதவை.

வீட்டில் பூனை வளர்ப்போர்க்கு இந்தச் செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டிய நாள் ஒன்று வரத்தான் செய்கின்றது. ஈராண்டு மூவாண்டு ஒரே தட்டில் பாலருந்தி, ஒன்றன் வயிற்றில் மற்றொன்று தலை வைத்து உறங்கிய இரண்டு பூனைகள், யாரும் எதிர்பாராத ஒரு பொழுதில் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து, மயிர் பறக்க, இரத்தம் வடியச் சண்டையிடுகின்றன. அன்றோடு அது முடிவதுமில்லை. மறுநாள் ஒன்றன் நிழல் கண்டாலே மற்றது உறுமுகின்றது. திகைத்துப் போன வீட்டார் அடுத்து என்ன செய்கின்றனர்? வழக்குத் தீர்க்க அமர்ந்து விடுகின்றனர். முதலில் பாய்ந்தது எது? கெட்டது எது? எதை வெளியேற்றுவது?

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குக் கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்லும் ஊர்களில் பூனையில்லாத வீடு அரிது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையிறங்கும் மீன் காலையிலேயே வாசலுக்கு வந்துவிடும். மீன்காரம்மாளின் குரலை வீட்டாருக்கு முன்னர் அறிவது பூனைதான். நெல் மூட்டை அடுக்கிய அறைக்கு எலிக்காவலும் அதுவே. அத்தகைய வீடொன்றிலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் அஸருக்குப் பின் என்னிடம் வந்து நின்றான். "ஹஜ்ரத், பூனையைச் சாக்குல கட்டி வெளியூர் மீன் கடையில விட்டுட்டு வந்தா குத்தமா? அத்தா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

விவரம் கேட்டேன். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைப் பூனைகள். ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். முந்தின நாள் மஃக்ரிப் வேளையில் கறுப்பு, மஞ்சளைக் குதறிவிட்டதாம். மஞ்சளின் காது கிழிந்து அது பரணில் ஏறி ஒளிந்துகொண்டதாம். கறுப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது தந்தையின் முடிவு. கண்ணேறு பட்டுவிட்டது என்பது வீட்டுப் பெரியவரின் முடிவு. அவனோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்த சிறிய தங்கை மட்டும் எதையோ சொல்ல வாயெடுப்பதும், அண்ணன் அதட்ட அடங்குவதுமாக இருந்தாள். "நீ சொல்லம்மா" என்றேன். கறுப்புப் பூனை கொல்லைப்புறச் சன்னலில் உட்கார்ந்திருந்ததாம். வெளியே மதில் மேல் பெரிய கடுவன் பூனை ஒன்று வந்து நின்று முறைத்ததாம். கறுப்பு வாலைப் பெருக்கி உறுமிக்கொண்டிருந்தபோது, ஒன்றுமறியாத மஞ்சள் பின்னால் வந்து அதன் வாலருகே மூக்கை நீட்டிற்றாம்.

வழக்கின் முழுச் சாட்சியும் அந்தக் குழந்தையிடமே இருந்தது. பெரியவர்கள் பார்த்தது பிற்பாதியை மட்டுமே. தீர்ப்பளித்ததும் அதைக் கொண்டே.

விலங்கியலறிஞர்களும் கால்நடை மருத்துவர்களும் இதனை நன்கறிந்துள்ளனர். எட்ட முடியாத எதிரியைக் கண்டு எழுந்த சீற்றம், எட்டுகின்ற தோழனின்மேல் இறங்கிவிடுகின்றது. சன்னற் கம்பிக்கு அப்பால் நிற்கும் கடுவனை எட்ட முடியாது. பக்கத்தில் நிற்கும் உடன்பிறப்பை எட்ட முடியும். ஒரு பாத்திரம் விழுந்த பேரோசை, பட்டாசுச் சத்தம் ஆகியவையும் இவ்வாறே செய்யும். சீற்றம் சில நிமிடங்களில் தணிவதும் உண்டு. பல மணி நேரம், சில வேளை நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதில் துயரமானது அதன்பின் நிகழ்வது. அடித்த பூனைக்கு அடிபட்டதன் உருவமும் அந்த அச்சமும் ஒன்றாகப் பிணைந்து விடுகின்றன. அடிபட்டதோ, அடித்ததைக் கண்டு பதுங்குகின்றது. பதுங்கும் உருவமே மற்றதை மேலும் சீண்டுகின்றது. முதற்காரணமாகிய கடுவன் என்றோ போய்விட்டது. சண்டை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

வாடையும் ஒரு காரணம். பூனை தன்னினத்தைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிகின்றது. ஒன்றோடொன்று உரசி, நக்கி, வீட்டுப் பூனைகள் தமக்கெனப் பொதுவானதொரு வாடையை உண்டாக்கிக் கொள்கின்றன. ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்து நெடியோடு திரும்பக் கொண்டு வந்தால், வீட்டிலிருந்தது அதனை அந்நியனென்றே எண்ணிப் பாய்கின்றது. உள்ளே நோய் இருந்து, பல்லோ மூட்டோ வலிக்கும்போது, வழக்கம்போல் விளையாட வந்த தோழனைக் கடிப்பதும் உண்டு. நாய்க்கூட்டத்தில் வாலைத் தாழ்த்திப் பணிந்து சமாதானம் கேட்கும் முறை உண்டு. தனித்து வேட்டையாடிய காட்டுப்பூனையின் வழித்தோன்றலாகிய வீட்டுப்பூனைக்கு அந்த வழக்கம் மிகக் குறைவு. சைப்ரஸ் தீவில் மனிதனருகே புதைக்கப்பட்ட சுமார் 9,500 ஆண்டுப் பழைமையான பூனையின் எலும்புக்கூடு பற்றி 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் அது மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. நாமும் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி, வழக்கின் நடுப்புள்ளிக்கு வருவோம். இரு தரப்பார் வழக்குரைத்தால், மற்றவரின் சொல்லையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை வழங்கினார்கள். சினத்திலிருக்கும்போது நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது என்பதும் நபிமொழியே. இங்கோ இரு தரப்புமே வாய் பேசாதவை. வீட்டுக்காரரோ தூக்கம் கலைந்த சினத்தில் இருக்கின்றார். எந்தக் காழியும் அமரக் கூடாத இருக்கையில் அவர் அமர்ந்துவிடுகின்றார்.

அப்படியானால் இங்கே அநீதியே நிகழவில்லையா? கிழிந்த காதும், பரணில் நடுங்கும் உயிரும் ஒன்றுமில்லையா? மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவர். மறுமையில் உரிமைகள் யாவும் உரியோர்க்குத் திருப்பித் தரப்படும், கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடமிருந்தும் ஈடு பெறப்படும் என்ற கருத்துடைய ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பூனைக்குட்டியின் தந்தை என்னும் பொருள்தரும் பெயரால் புகழ்பெற்றவரே இதனை அறிவிக்கின்றார் என்பதும் ஒரு பொருத்தம். ஆனால் ஆட்டுக்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை, ஹலால் ஹராம் இல்லை. கட்டளைக்குப் பொறுப்பேற்றல் எனப்படும் தக்லீஃப் அதற்கில்லை. பின் எவ்வாறு அதனிடம் கணக்குக் கேட்பது?

1277ஆம் ஆண்டில் மறைந்த சிரியா நாட்டுப் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் இந்த முடிச்சை அவிழ்க்கின்றார்கள். இது பொறுப்புடையோரிடம் வாங்கப்படும் பழிக்குப் பழியன்று. நேருக்கு நேர் சமன் செய்தல் என்பதே அவர்கள் தரும் விளக்கம். இதனை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்வதானால், கொம்புள்ள ஆடு பாவி அன்று. ஆயினும் கொம்பில்லாத ஆட்டின் வலி கணக்கில் வைக்கப்பட்டுள்ளது. நம் மனம் இவ்விரண்டையும் சேர்த்து ஏற்க மறுக்கின்றது. காயம் பட்டவன் ஒருவன் இருந்தால் பாவி ஒருவனும் இருந்தாக வேண்டும் என்று தேடுகின்றோம். பாவி இல்லையெனத் தெரிந்தால், "வாயில்லாச் சீவன், என்ன செய்வது?" என்று காயம் பட்டதையும் மறந்து விடுகின்றோம். இரண்டும் பிழை. கறுப்புப் பூனையிடம் குற்றமில்லை என்பதால் மஞ்சள் பூனையின் உரிமை தீர்ந்து போய்விடவில்லை.

அந்த உரிமையை இம்மையில் யாரிடம் கேட்பது? அதே இமாமின் மின்ஹாஜ் நூலில், மத்ரஸாக்களில் ஷாஃபிஈ மாணவர்கள் ஓதுகின்ற அந்த நூலில், பூனையைப் பற்றி ஒரு சட்டமே உண்டு. ஒருவரது பூனை பிறரின் பறவையையோ உணவையோ அழித்துவிட்டால் ஈடு யார் தருவது? அது அப்படிச் செய்யக்கூடியது என்று முன்னரே அறியப்பட்டிருந்தால், இரவாயினும் பகலாயினும் உரிமையாளரே ஈடு தர வேண்டும், அறியப்படாதிருந்தால் இல்லை. இதுவே சரியான கருத்தென அங்கே தேர்ந்துரைக்கப்படுகின்றது. பூனை இரண்டு முறையும் ஒரே பூனைதான். மாறியது வீட்டுக்காரரின் அறிவு. சட்டம் அண்டை வீட்டாரின் பொருளைப் பற்றியது என்பதை அறிவேன். ஆயினும் தன் கூரையின்கீழ் வாழும் இன்னோர் உயிருக்கு அதே நியாயத்தை நீட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. முதல் நாள் நடந்தது யார் பொறுப்பும் அன்று. காரணம் தெரிந்த பிறகு இரண்டாம் நாளும் அவ்விரண்டையும் ஒரே அறையில் விட்டுவைத்து, மஞ்சளின் மறு காதும் கிழிந்தால், அது வீட்டுத் தலைவரின் கணக்கு.

இங்கே சற்று நின்று, அந்தத் தலைவரையும் பார்ப்போம். சண்டையைக் கண்டதும் அவர் துடைப்பத்தை எடுத்துக் கறுப்பை விளாசினாராம். கடையில் கடன்காரனிடம் பட்ட அவமானத்தை வீட்டில் மனைவியிடம் இறக்குபவனும், மேலதிகாரியின் ஏச்சைப் பிள்ளையின் முதுகில் இறக்குபவனும் சன்னலோரத்துப் பூனை செய்ததையே செய்கின்றனர். எட்ட முடியாத இடத்தில் எழுந்த சீற்றம், எட்டிய இடத்தில் இறங்குகின்றது. ஆனால் பூனைக்கு உள்ள விலக்கு மனிதனுக்கில்லை. தன் சினம் எங்கே பிறந்தது என்று திரும்பிப் பார்க்க முடிந்தவன் அவன் ஒருவனே. அந்த ஆற்றலுக்கே தக்லீஃப் வந்தது. விலங்கின் முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும், அடிக்கத் துணிந்த கை தன்னையும் அறியாமல் முகத்தைத் தேடும் என்பதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். அடி வாங்கிய கறுப்புக்கு, மஞ்சளைக் கண்டாலே துடைப்பம் நினைவுக்கு வரும். பகை இரட்டித்தது, அவ்வளவே பயன்.

பையனிடம் சொல்லியனுப்பியவை எளியவை. சண்டையின் நடுவே கையை விடாதீர்கள். ஒரு முறத்தையோ அட்டையையோ இடையில் நுழைத்து மறையுங்கள். அல்லது கனத்த போர்வையைப் போடுங்கள். மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சவுக்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. பூனை எதிர்ப்படும் யாரையும் கடித்து, எச்சில் ஒழுகி, நடை தள்ளாடினால் அது பூனைச் சண்டை அன்று. தொடாமல் அடைத்து வைத்துக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவ்வாறில்லையேல் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். தனித்தனித் தட்டு, தண்ணீர், மணல் தொட்டி. கொல்லைச் சன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறையுங்கள்.

இதற்கு அந்த வீட்டில் ஓர் ஆட்சேபம் எழுந்ததாக மறுநாள் அறிந்தேன். பூனையை அடைத்து வைத்த பெண் நரகம் புகுந்தாள் என்று ஹதீஸ் இருக்கையில், அடைத்து வையுங்கள் என்று ஹஜ்ரத்தே சொல்லலாமா? நல்ல கேள்வி, பயந்து கேட்ட கேள்வியாதலால் இன்னும் நல்லது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்தச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். அந்தப் பெண் பூனையைக் கட்டியும் வைத்தாள், தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கவும் விடவில்லை. கண்டனம் சாகும்வரை பட்டினி போட்டதற்கே. உண்ணவும் பருகவும் கொடுத்து, காயமுள்ள ஒன்றைக் காக்கும் பொருட்டுச் சில நாள் கதவை மூடி வைப்பது அடைப்பன்று, அடைக்கலம். பூனை வீட்டினுள் சுற்றி வருவோரில் சேர்ந்தது என்பதற்கும் நபிமொழிச் சான்றுண்டு. உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்த அபூகதாதா (ரலி) அவர்கள், வியந்து நோக்கிய மருமகளுக்கு அதனைத்தான் எடுத்துரைத்தார்கள். (பூனைப் பிரியர்கள் அடிக்கடி சொல்லும் 'முஅஸ்ஸா' என்ற பூனையின் கதைக்கும், அதற்காக நபியவர்கள் சட்டைக் கையை வெட்டினார்கள் என்பதற்கும் ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லை. ஷைகு அஹ்மத் ரிஃபாயி (ரஹ்) அவர்களின் வரலாற்றில் அத்தகைய நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. பாத்திரம் சாய்த்த உண்மைச் செய்தி கையிலிருக்க, ஆதாரமற்றது நமக்கெதற்கு?)

நாலைந்து நாள் கழித்து, ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் இடலாம். மூடிய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் மீன் வைக்கலாம். மற்றதன் வாடையும் வயிற்றின் நிறைவும் சேர்ந்து வரப் பழகியபின், கதவைச் சிறிது திறக்கலாம்; உறுமினால் மீண்டும் மூடிவிட வேண்டும். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பிள்ளைகள் இரண்டையும் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்து "ராசியாகுங்க, ராசியாகுங்க" என்று பழகவிடுவதை மட்டும் தடுக்க வேண்டும். விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. சேவற்கட்டும் கிடாமுட்டும் அதில் அடங்கும் என்பதை யாவரும் அறிவர். அன்பினால் செய்யப்படும் மோதலும் பூனைக்கு மோதலே.

கருத்தடைச் சிகிச்சை பற்றியும் கேட்கின்றனர். கடுவன்களின் சண்டை பெரும்பாலும் அதனால் குறையும் என்பது மருத்துவர் அனுபவம். ஷாஃபிஈ நூல்கள் இதில் கண்டிப்பானவை. உண்ணப்படாத விலங்கின் விதையடிப்பை அவை அனுமதிப்பதில்லை. ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரி பூனையையே பெயர் சொல்லி, பயனோ தீங்கு தடுத்தலோ இருப்பின் குற்றமில்லை என்கின்றது. எங்கள் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றோம். அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

எஞ்சியிருப்பது சாக்குமூட்டைக் கேள்வி. வெளியூர் மீன் கடையில் உணவு கிடைக்குமே என்பது தந்தையின் வாதம். அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்களும் நாய்களும் என்ன செய்யும் என்பதை அவர் எண்ணவில்லை. ஒரு கடுவனைச் சன்னல் வழியே கண்டு நிலைகுலைந்த பூனையைப் பத்துக் கடுவன்களின் நடுவே விடுவதாகும் அது. வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றிப் பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அச்சட்டம் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையே. அத்தொகையைக் கேட்டு யாரும் அஞ்சப் போவதில்லை. அஞ்ச வேண்டியது வேறு கணக்கை.

இரண்டும் சேரவே முடியாமற் போனால் என் செய்வது? அதுவும் நிகழ்வதுண்டு. அப்போது ஒன்றை வேறொரு வீட்டாரிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. ஆனால் ஒப்படைப்பதற்கும் விட்டுவிட்டு வருவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளும் மனமுள்ளவர் வேண்டும். அங்கே வேறு பூனை இல்லாதிருப்பது நன்று. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது வணிகத்துக்கு மார்க்கம் இட்ட சட்டம். பணமின்றிக் கொடுப்பதாயினும், "இது இன்னொரு பூனையோடு சேராது, சன்னலில் அந்நியப் பூனையைக் கண்டால் சீறும்" என்று சொல்லியே கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்குத் தேவை நேரவில்லை. ஐந்து வாரம் கழித்து இரண்டும் ஒரே தாழ்வாரத்தில் நடமாடுவதாகச் சிறுமி வந்து சொன்னாள். மஞ்சள் நெல் மூட்டையின் மேல் உறங்குகின்றது, கறுப்பு அடுப்படி மேடையில். ஒரே சாக்கில் அவை இன்னும் படுப்பதில்லை.